இல்லாத கல்யாணத்துக்குப் போய் வந்தேன்

1

போன வாரம் வேலை செய்யும் இடத்தில் மறுபடியும் அந்த வகுப்பு. இங்கே முதியோர் இல்லங்களில் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் அவ்வப்போது அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கடுமையாக நோயுற்றவர்களிடம், இனி அவர்களை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது, என்ன வைத்தியம் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்பதையெல்லாம் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்று சொல்லித் தருகிற வகுப்பு. நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மழையைத் தவிர எதுவும் நேரத்துக்கு வராத ஓர் ஊர். வகுப்பெடுக்க வந்த பெண்ணுக்கு என் மகள் வயது. பச்சைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் பேசினாள்.

எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். ஒருவர் சாகப் போகிறவராக நடிக்க வேண்டும், மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். எனக்குச் சாகப் போகிற வேஷம். எதிரே உட்கார்ந்த புதுப்பெண் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தாள்: "இந்தக் கட்டத்தில் உங்களுக்கு எது முக்கியம்?"

"நீ வாயை மூடுவது" என்றேன்.

மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "சுகுணா, இந்த வேலையில் நீங்கள்தான் மற்றவர்களுக்கு உதாரணம். உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருஷம் இதே மாதம் என் அக்கா சித்தூரில் செத்துப்போனாள், அவ்வளவுதான். அதைச் சொன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து 'ஓ' என்று நீளமாக ஒரு சத்தம் போடுவார். அதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை. அவரிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் உங்களுக்காவது நான் சொல்வது விளங்கும்.

2

நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வேதாகமம் தமிழ், படி இறங்கினால் தெலுங்கு. எஸ்தர் அக்கா ஆயுசு முழுக்க அரசுப் பள்ளியில் தெலுங்கு வாத்தியாரம்மா. வகுப்பில் அவள் தொண்டையைக் கனைத்தால் பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிடும் என்பார்கள். அத்தான் சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகன் ஜோயல் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அம்மாவுக்கு முடியாமல் போனதும் மனைவி சுனீதாவைச் சித்தூரில் அவளோடு விட்டுவிட்டு, தான் திருப்பதியில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய், வாரக் கடைசியில் வந்துகொண்டிருந்தான். நல்ல பிள்ளை. அதைச் சொல்லிவிட்டுத்தான் அவனைத் திட்ட வேண்டும்.

அவன்தான் போன் பண்ணினான்.

"சின்னம்மா, அம்மாவுக்கு லங்ஸ்ல கேன்சர். பரவிடுச்சாம். அவங்களுக்குத் தெரியாது. நெஞ்சுல சளி கட்டிக்கினு கீதுன்னு சொல்லி வெச்சிக்கிறோம். நீ போன்ல எதுனா உளறிடாத."

"நான் கெளம்பி வரேன்டா."

"ஐயோ, வராத. நீ வந்தா தெரிஞ்சிடும்."

அவன் சொன்னது உண்மைதான். எங்கள் ஊரில் ஒருவருக்குச் சாவு நெருங்கிவிட்டது என்பதை வாயால் யாரும் சொல்வதில்லை. இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. ஒன்று, கிறிஸ்துமஸுமில்லை, கோடை விடுமுறையுமில்லை என்கிற சமயத்தில் வெளிநாட்டுச் சொந்தம் வாசலில் வந்து இறங்குவது. இன்னொன்று, ஐயர் பையோடு வருவது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து அப்படித்தான். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு அவர் வீட்டுக்கே வந்து ராப்போஜனம் கொடுப்பார், அப்பமும் திராட்சை ரசமும். கால் உடைந்தவர்கள்கூட அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் கடைசி மூச்சு இழுக்கிற வரைக்கும் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் பையோடு உள்ளே போனால் சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சா என்று தெருவே கேட்கும்.

அக்கா ஐயரைக் கேட்டிருக்கிறாள். ஒரு முறைக்கு இரண்டு முறை ஜோயலிடம், "ஐயர வரச் சொல்லு, ராப்போஜனம் எடுக்கணும்" என்றிருக்கிறாள். 'அதுக்கு இன்னா அவசரம்' என்று இவன் தட்டிக் கழித்திருக்கிறான். அம்மாவுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று பயந்து, ஐயருக்குப் பதிலாக ஒரு ஜெபக் குழுவைக் கூட்டி வந்தான். அவர்கள் அவள் தலையில் ஆளுக்கொரு கை வைத்து, வியாதி ஏற்கனவே ஓடிவிட்டது என்று கத்தியிருக்கிறார்கள். அக்கா ஆமென் சொல்லவில்லையாம். அதில் அவர்களுக்கு மனஸ்தாபம்.

இதையெல்லாம் சுனீதாதான் என்னிடம் போனில் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னாள். அன்றைக்கே விடுப்பு கேட்டேன்.

3

விடுப்புப் படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, இத்தனை பேர்தான் அதில் உண்டு. அக்கா இல்லை. என்னைத் தலை வாரிப் பள்ளிக்குக் கூட்டிப்போனவள், என் கல்யாணத்துக்குத் தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டவள் இந்த நாட்டுக்கு யாரோ. கடைசியில் சம்பளமில்லாத விடுப்பில் கிளம்பினேன். என் மகள், "எந்த ஆன்ட்டி? அந்தக் கோபக்கார ஆன்ட்டியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சின்ன வயதில் பெரியம்மா என்று மழலையில் கூப்பிட்டவள்தான். எப்போது பெரியம்மா ஆன்ட்டியானாள் என்று எனக்குத் தெரியவில்லை. கூட வருகிறாயா என்று கேட்டேன். பரீட்சை இருக்கிறதாம்.

நான் கிளம்பிவிட்டது தெரிந்ததும் ஜோயல் ஒரு பொய்யைத் தயார் செய்தான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பலமனேரில் கல்யாணம், அதற்காக வருகிறேன், வந்த இடத்தில் அக்காவையும் பார்க்கிறேன். விமான நிலையத்திலிருந்து வரும்போது கார் டிரைவருக்கு முன்னாலேயே என்னிடம் ஒப்பிக்கச் சொன்னான். பெண்ணின் பெயர், மாப்பிள்ளை வேலை, தேதி எல்லாம் அவனே யோசித்து வைத்திருந்தான். சொந்தக் கல்யாணத்துக்குக்கூட அவன் இத்தனை ஏற்பாடு செய்திருக்க மாட்டான்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பல்செட்டை மட்டும் கழற்றாமல் விறைப்பாகப் பார்த்தாள்.

"இன்னாடி, திடீர்னு?"

"பலமனேர்ல ஒரு கல்யாணம்க்கா."

"ஓகோ" என்றாள். ஓரமாக நின்ற ஜோயலை ஒரு தடவை பார்த்தாள்.

பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழம். 'ஒண்ணும் இல்ல டீச்சர், சளிதான், ரெண்டு மாசத்துல கோயிலுக்கு நடந்தே வருவீங்க' என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், 'எவ்ளோ நாள் சொன்னாங்க?' என்று கிசுகிசுப்பார்கள். ஒருத்தரையாவது அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

4

இரண்டாம் நாள் அக்காவைத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சேரும் நீரை ஊசி போட்டு எடுப்பார்கள். அதைத்தான் 'சளி எடுக்கிறது' என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய யாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே கார் ஊர்ந்து போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் உதட்டைக் கடிப்பதை நான் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். அவர் எங்களைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் ஜோயல் அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். "அம்மகி ஏமி செப்பொத்து சார்" என்றான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று தெலுங்கில் கெஞ்சுகிறான். டாக்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அடுத்த முறை நீர் சேர்ந்தால் உள்ளே படுக்க வைக்கலாம், மூச்சு ரொம்ப முட்டினால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்கலாம் என்றார். இவன் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றான்.

அக்கா கையெட்டும் தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கை முழுக்கத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தவளுக்குப் புரியாதபடி தெலுங்கில் ரகசியம் பேசுகிறான் அவள் வயிற்றில் பிறந்த மகன். அவள் காது கேளாதவள் மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முழங்கையால் என்னை ஒரு இடி இடித்தாள். சும்மா இரு என்று அர்த்தம். இருந்தேன்.

5

'கல்யாண நாள்' வந்துவிட்டது. ஜோயல் வேலைக்குப் போகும் முன் போனில் ஞாபகப்படுத்தினான். வேறு வழியில்லாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுனீதா வைத்துவிட்ட மல்லிகைப் பூவோடு பலமனேர் பஸ் ஏறினேன். ஐம்பது வயதுக்கு மேல், இல்லாத பெண்ணின் இல்லாத கல்யாணத்துக்கு. அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பட்டும் பூவுமாக மைசூர் போண்டா தின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்ததாகக் காட்ட ஒரு பெட்டி லட்டு வாங்கினேன். தக்காளி கொள்ளை மலிவாக இருந்தது. பழக்க தோஷம், ஒரு பை நிறைய அதையும் வாங்கிக்கொண்டு சாயந்திரம் திரும்பினேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்து காத்திருந்தாள்.

"பொண்ணு எப்டி கீறா?"

"நல்லா லட்சணமா இருந்தாக்கா."

"சாப்பாடு?"

"பிரியாணி."

"தாம்பூலத்துக்கு தக்காளி குடுத்தாங்களா?"

சமையலறையில் சுனீதா சிரித்துவிட்டாள். நான் பையைக் கீழே வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"உக்காருடி. போதும். அவனுக்காகத்தான் நானும் சளி சளின்னு நடிச்சிக்கினு கீறேன். நீயுமா? நெஞ்சுல கீறது இன்னான்னு எனக்குத் தெரியாதா? ஸ்கேன் எடுத்த அன்னிக்கே அவன் மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சே."

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இங்கிலாந்தில் எத்தனையோ கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்கிற அந்தக் கேள்வியை அப்படியே தமிழாக்கி, அதே மெல்லிய குரலில் கேட்டேன். "அக்கா, இந்த நிலைமையில உனக்கு எது முக்கியம்னு நினைக்கிற?"

"இன்னாடி இது? பிரசங்கமா? எனக்கு முக்கியம், நீ அந்த மூஞ்ச மாத்திக்கினு ஒழுங்கா பேசறது."

அறைந்தது போலிருந்தது. நானும் அவளுக்குத் தங்கைதானே. கோபம் வந்துவிட்டது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, பால்காரரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டேன்.

"சரி, ஐயர எப்போ வரச் சொல்லட்டும்?"

அக்காவின் கண் நிரம்பி வழிந்தது. நான் அவள் அழுது பார்த்ததில்லை, அத்தான் சாவில்கூட. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இத கேக்கறதுக்கு லண்டன்ல இருந்து ஒரு ஆள் வரணுமா?" என்றாள். எங்கள் ஊருக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

பிறகு நிற்காமல் பேசினாள். மூச்சு வாங்கும்போது நிறுத்தி, மறுபடி பேசினாள். "படுத்துக்கினு வாங்க மாட்டேன். உக்கார தெம்பு இருக்கும்போதே வாங்கணும், என் கையால. அந்த ஜெபக் கூட்டத்த உள்ள உடாத, காது வலிக்குது. திருப்பதிக்கு இனிமே போக வேணாம். ரோடு குலுங்குதே, அதுவே என்ன சாவடிச்சிடும். தொண்டைல குழாய் போடக் கூடாது. நான் பேசிப் பேசி பொழச்சவ, என் வாயக் கட்டி சாவடிக்காதீங்க. வலிக்கு மட்டும் மருந்து குடுங்க. யாரு வந்தாலும் என் பல்லக் கழட்டி வெக்காதீங்க."

"இத ஜோயலுகிட்ட சொன்னியா?"

"அவன் கேட்டாத்தானே சொல்ல? கேக்க மாட்டேன்றானே."

6

ஜோயல் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், டாக்டரைக் கேட்பதற்காகவே கடைசியாக ஒரு தடவை திருப்பதிக்குப் போனோம். அவளே அவரைத் தெலுங்கில் நேராகக் கேட்டாள். இன்னும் எவ்வளவு காலம், வலி எப்படி இருக்கும், வீட்டிலேயே சமாளிக்க என்ன வழி. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முன் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல், அவசரப்படாமல் பதில் சொன்னார். சித்தூரிலேயே வலிக்கு மருந்து வாங்கும் வழியையும் சொன்னார். அதுவரை அவரை மனதுக்குள் கோழை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பேச விட்டால் பேசத் தெரிந்தவர்தான். அதற்காக என் கோபம் முழுவதும் போய்விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் பையோடு வந்தார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. அக்கா வெள்ளைப் புடவையில், முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பத்தைத் தன் கையால் வாங்கினாள். கிண்ணத்தைப் பிடிக்க ஐயர் உதவ வந்தார், தலையசைத்து மறுத்துவிட்டாள்.

ஜெபம் முடிந்ததும் ஐயரைப் போக விடாமல், "செத்த இருங்க, நீங்க சாட்சி" என்றாள். ஜோயல் வாசல் கதவருகே நின்றான். எங்கள் பக்கம் அப்பாவைக் கூப்பிடும் நைனா என்ற பெயரால், பாசம் வந்தால் பிள்ளையையும் கூப்பிடுவோம்.

"இங்க பாரு நைனா. எனக்கு இன்னா வியாதின்னு தெரியும். மூச்சு முட்டினா என்ன தூக்கினு ஓடாத. குழாய் வேணாம். இந்த ஊட்லயே..."

அவன் முழுதாகக் கேட்கவில்லை. வெளியே போனான். நான் பின்னாலேயே ஓடினேன். பைக்கை உதைத்துக்கொண்டே என்னிடம் கத்தினான்.

"உனக்கு திருப்தியா? நல்லாதானே இருந்தாங்க. நீ வந்து சாவுறதுக்கு சொல்லிக் குடுத்துட்ட. அங்க வெள்ளைக்காரக் கெழவங்களுக்கு பண்ற வேலைய எங்க அம்மாகிட்ட காட்ற."

"அவ கேட்டதத்தான்டா செஞ்சேன். நீ ஒரு நாளாவது உங்கம்மாவ இன்னா வேணும்னு கேட்டிருக்கியா?"

"எங்க அம்மா உசுரோட வேணும். அதான் எனக்கு வேணும்."

"உனக்கு வேணும்டா. அவளுக்கு?"

தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அவன் போய்விட்டான். நான் விமானம் ஏறும் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான்.

7

ஜோயல் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. சின்னம்மாதான் அம்மாவைக் கொன்றாள் என்று அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னானாம். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, போகவில்லை. சுனீதா போனில் காட்டினாள், பாதியில் சிக்னல் போய்விட்டது. பேசாமல் இருக்கட்டும். நான் கெஞ்சப் போவதில்லை. எனக்கும் அவன் மேல் ஆத்திரம் இருக்கிறது. அவனுக்காகவே நடித்துக்கொண்டிருந்தாளே, அந்த மாதங்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

ஆனால் ஒன்றே ஒன்றை மறைக்க மாட்டேன். கடைசியில் அவன்தான் எனக்குப் போன் பண்ணினான். இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு கிழவிக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அங்கே பொழுது சாய்ந்திருக்கும். கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

"சின்னம்மா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. மருந்து குடுத்தோம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கினு கீது. திருப்பதிக்குப் போன் பண்ணா உடனே கூட்டினு வாங்கன்றாங்க. இன்னா பண்றது, சொல்லு." பெரிய ஆண்பிள்ளை, தேம்பித் தேம்பி அழுதான்.

அவள் சொன்னதுதான் எல்லாருக்கும் தெரியுமே, அதைத் திருப்பிச் சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

"அவளுக்கு நெனவு இருக்கா?"

"இருக்கு. என்னையே பாத்துக்கினு கீறாங்க."

"அப்பறம் என்னை எதுக்குடா கேக்கற? அவளக் கேளு."

"எப்டி சின்னம்மா கேக்கறது?"

"வாயத் தொறந்து கேளு."

போன் அவன் கையில் இறங்கியது தெரிந்தது. அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே வண்டியின் சைரன் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"அம்மா" என்றான். "போலாமா? இல்ல, இங்கயே இருக்கலாமா? உனக்கு எப்டி வேணும்மா?"

அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு பிடித்துச் சொன்னாள். "வண்டிய... அனுப்பிச்சிடு. வந்து... உக்காரு நைனா."

அவன் சுனீதாவிடம் ஏதோ சொன்னான். கதவு திறந்து மூடியது. வண்டி கிளம்பிப் போனது.

"போன்ல... யாரு?" என்று அக்கா கேட்டாள்.

"சின்னம்மா."

"அவள வெக்கச் சொல்லு. நாம... பேசணும்."

நான் வைத்துவிட்டேன்.